ஆள் ஒண்ணு குறையுது: புதுச்சேரி ஆடுகளங்களில் வந்தவர்களும் பிறந்தவர்களும்

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் புதுச்சேரியின் சில தெருக்களில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கும். ஊருக்குப் புதியவர்கள் ஏதோ பட்டறை என்று நினைத்துக்கொள்வார்கள். எட்டிப் பார்த்தால் சரளை மண் கொட்டிய ஒரு சிறு திடல், பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு மூன்று இரும்புக் குண்டு. பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டாட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

தரையில் ஒரு சின்ன மரக்குண்டு கிடக்கும். அதற்குக் கிட்டே யாருடைய குண்டு நிற்கிறதோ அவர் அணிக்குப் புள்ளி. பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் நாலைந்து தடவையாவது அப்படிச் சொல்ல முடியாமல் போகும். அப்போது இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் குனிவார்கள். ஒருவர் அளவுநாடாவின் முனையை மரக்குண்டில் வைத்துப் பிடிப்பார், மற்றவர் இழுப்பார். "பாருங்க முசே, உங்களுதுதான் கிட்ட." "இல்லப்பா, நல்லாப் பாரு, ஒரு நூல் உன்னுது." எதிரெதிராக ஆடும் இருவர் தலையோடு தலை முட்டும் தூரத்தில் குந்தியிருப்பார்கள். அளவில் சந்தேகம் இருந்தால் எதிரணியும் அளந்து பார்க்கலாம் என்பது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அந்த இருவரில் ஒருவர் குளிர்காலத்துக்கு பிரான்சின் மார்சேயிலிருந்து வந்து தங்கியிருக்கும் வெள்ளைக்காரராக இருக்கலாம். மற்றவர் முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழராக இருக்கலாம். இரண்டு பேர் வீட்டு அலமாரியிலும் இருப்பது ஒரே நாட்டு பாஸ்போர்ட்டாகவும் இருக்கலாம். யார் வந்தவர், யார் இங்கே பிறந்தவர், யார் எந்த நாட்டுக்காரர் என்று புதுச்சேரியில் கேட்டால், மூன்று கேள்விக்கும் ஒரே ஆள் விடையாக வரமாட்டார்.

விளையாட்டு மனிதர்களை இணைக்கிறது என்று கோப்பை கொடுக்க வருகிற எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். சில களங்கள் ஒட்டவைக்கின்றன. சில களங்கள் ஏற்கெனவே இருந்த விரிசலில் ஆப்பு அடிக்கின்றன. வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து ஆடும் இடங்களை இந்தக் கடற்கரையில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. ஆள் குறைவாக இருக்கும் களம் ஒருவிதம், இடம் குறைவாக இருக்கும் களம் வேறுவிதம்.

வீட்டு வாசல் மாறாமல் நாடு மாறியவர்கள்

முதலில் அந்த பாஸ்போர்ட் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1674-இல் பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் காலூன்றிய ஊர் இது. நடுவில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிடுங்கிக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததும் தனிக்கதை. நமக்கு வேண்டியது 1881. அந்த ஆண்டு வந்த ஓர் ஆணைப்படி, ஊர் மக்கள் தங்கள் மத, சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். துறந்தவர்கள் என்று பொருள். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இது ஒரு கதவு. அந்தக் கதவு வழியாகப் பலர் உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள். சைகோனில் புதுச்சேரித் தமிழர்கள் சுங்கத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். இந்தோசீனப் போரிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுச் சீருடையில் நின்றார்கள். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை ஊர் 'சொல்தா' என்றது. இன்றும் 'சொல்தா வீடு' என்று அடையாளம் சொல்லும் தெருக்கள் உண்டு.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம். இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் தானாக இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். அதே வீடு, அதே திண்ணை, அதே மீன்காரி. சட்டத்தின் கண்ணில் மட்டும் அவர்கள் சொந்த ஊரில் வெளிநாட்டினர் ஆனார்கள்.

இந்தப் பின்னணி தெரியாமல் அந்தக் குண்டாட்டத்தைப் பார்த்தால், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று தோன்றும். உண்மையில் அதை இங்கே உயிரோடு வைத்திருப்பவர்கள் தமிழ் பேசும் குடும்பங்கள். பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பையன்கள் ஆடினார்கள். பிறகு பிரான்சோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பக்கத்து வீட்டுப் பையன்களும் ஆடினார்கள்.

அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: கோலி. குறி பார்த்து எதிராளியின் குண்டைத் தெறிக்க விடுவதும், தன்னுடையது தெறிக்காமல் அதே இடத்தில் நின்றுகொள்வதும் பேந்தா ஆடி வளர்ந்த கைக்குப் புதிதில்லை. பெத்தாங்கில் அதற்குக் 'கார்ரோ' என்று பெயர். அரிதாக விழும் அடி, விழுந்தால் எதிரணியும் கை தட்டும். எடை மட்டும்தான் வித்தியாசம். கோலிக்குண்டு உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும். இந்த இரும்புக் குண்டு 650 முதல் 800 கிராம் வரை இருக்கும்.

ஆட்டம் பிறந்த கதையும் நம் விஷயத்துக்கு வாகாக இருக்கிறது. பிரான்சின் தென்கோடியில், மார்சேய்க்குப் பக்கத்தில் லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே முன்பு ஆடிய குண்டாட்டத்தில் மூன்று எட்டு ஓடிவந்து வீச வேண்டும். ஜூல் என்றொரு நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. நண்பர்கள் 1907 வாக்கில் விதியையே மாற்றினார்கள். எல்லோரும் ஒரு வட்டத்துக்குள் காலை ஊன்றி நின்றபடிதான் வீச வேண்டும், தூரமும் குறைவு. 'ஊன்றிய கால்' என்ற அந்தப் பக்கத்து வட்டாரச் சொல்தான் பெத்தாங்க் ஆயிற்று. ஒரு மனிதரை ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைக்க மனமில்லாமல் ஊரே தன் காலைக் கட்டிக்கொண்டது. இப்போதைய விதிப்படி மரக்குண்டு 6 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குள் கிடக்க வேண்டும், 13 புள்ளி எடுத்தவர் வெற்றி. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே அணியில் ஆடலாம். ஆள் பற்றாத சாயங்காலங்களில் வழியோடு போகிறவரைக் கூப்பிடலாம்.

அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தால், ஐந்து நிமிடத்தில் அவர் கையில் குண்டு இருக்கும். தன் ஊர் ஆட்டம் என்ற மிதப்பில் இறங்கி, பதின்மூன்றுக்குச் சுழியமாகத் தோற்றுப் போகிறவர்களும் உண்டு. அப்படித் தோற்பதற்கு பிரெஞ்சில் தனிப் பெயரே இருக்கிறது, 'ஃபானி'. முத்தியால்பேட்டைக்காரர் ஒருவர் மார்சேய்க்காரர் ஒருவரை ஃபானி ஆக்குகிற மாலை, அந்தத் தெருவில் ஒரு வாரம் பேசப்படும்.

ஒரு குறை. இந்தத் திடல்களில் பெண்களை அரிதாகத்தான் பார்க்கிறேன். ஓடவோ மோதவோ வேண்டாத ஒரு விளையாட்டிலும் அப்படி இருப்பதற்கு விதி காரணமில்லை. தெருமுனையில் ஆண்கள் நிற்கலாம், பெண்கள் நின்றால் கேள்வி வரும் என்ற பழைய வழக்கம்தான்.

பந்தோடு வந்த வங்காளிகள்

புதுச்சேரிக்கு ஆட்டம் எடுத்துவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. 1908-இல் பாரதியார் வந்தார், 1910-இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். எல்லோரும் ஆங்கிலேயப் போலீஸுக்கு எட்டாத நிழல் தேடி வந்தவர்கள். இன்றைய சொல்லில் அரசியல் அகதிகள். அரவிந்தரைச் சுற்றி நளினி காந்த குப்தா முதலான சில வங்காள இளைஞர்கள் இருந்தார்கள். தமிழ் தெரியாது, பிரெஞ்சும் அப்போதுதான் படிக்கிறார்கள், வீட்டு வாசலில் வேவு பார்க்கும் ஆட்கள். அந்த நிலையிலும் அவர்கள் ஊர்ப் பையன்களோடு கால்பந்து ஆடினார்கள். பாஷை தெரியாத ஊரில் முதல் சிநேகிதம் மைதானத்தில் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. பந்தைக் கேட்கச் சொல் தேவையில்லை, கை தூக்கினால் போதும்.

பிறகு அரவிந்தர் ஆசிரமம் உருவாகிப் பெரிதானது. 1943 டிசம்பர் 2 அன்று அதன் பள்ளி தொடங்கியது. அதன்பின் உடற்பயிற்சியும் விளையாட்டும் அன்றாடக் கடமை மாதிரியே ஆயின. ஆசிரமத்தை நடத்திய, பாரிசில் பிறந்த அன்னை எழுபது வயதுக்கு மேலும் கடற்கரையோரத் திடலில் டென்னிஸ் ஆடியவர். வங்காளி, குஜராத்தி, ஒடியா, தமிழர், ஐரோப்பியர் என்று கலந்து வளர்ந்த பிள்ளைகள் ஒரே சீருடையில் ஓடினார்கள், நீந்தினார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று அவர்களுடைய உடற்பயிற்சிக் காட்சியை ஊரும் போய்ப் பார்க்கிறது. ஆனால் ஊர் அங்கே பெரும்பாலும் பார்வையாளர்தான். உள்ளே இருப்பவர்களுக்குள் அது உருவாக்கிய ஒட்டுறவு பெரியது. சுவருக்கு இந்தப் பக்கம் அவ்வளவாகக் கசியவில்லை என்பது என் எண்ணம். 1910-இல் வெறுங்கையோடு வந்த நாலைந்து பேருக்கு ஊர் தேவைப்பட்டது. ஆள்பலம் சேர்ந்தபின் அந்தத் தேவை இல்லாமல் போயிற்று.

நடுவர் இல்லாத ஆட்டம்

புதுச்சேரிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர் போனால் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டுத் தொடங்கிய ஊர். இன்று ஏறக்குறைய ஐம்பது அறுபது நாட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். அதிகம் இருப்பது இந்தியர்கள்தான், அவர்களிலும் குயிலாப்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம் போன்ற சுற்றுக் கிராமத்துத் தமிழர்கள் நிறைய. அதே 1968-இல், பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூட மாணவர்கள் தட்டு எறிந்து ஆடும் ஓர் ஆட்டத்தை உண்டாக்கினார்கள்: அல்டிமேட் ஃபிரிஸ்பி. இரண்டும் பின்னாளில் ஆரோவில்லின் செம்மண்ணில் சந்தித்துக்கொண்டன.

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் விஷயமே அதன் விதியில்தான் இருக்கிறது. அணிக்கு ஏழு பேர். 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு. தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது, எறிய மட்டும்தான் வேண்டும். எதிரணியின் கோட்டைப் பகுதிக்குள் தன் ஆள் தட்டைப் பிடித்தால் ஒரு புள்ளி. உடம்போடு உடம்பு மோதக்கூடாது. இதெல்லாம் மற்ற ஆட்டங்களைப் போலத்தான். விசித்திரம் அடுத்தது: நடுவர் கிடையாது. உலகப் போட்டியிலேயே ஆட்டக்காரர்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தவறு நடந்தது என்று ஒருவர் குரல் கொடுத்தால் ஆட்டம் அப்படியே நிற்கும். மோதியவரும் மோதப்பட்டவரும் எதிரெதிரே நின்று பேசித் தீர்க்க வேண்டும். இடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் ஒரு முடிவு, ஒப்புக்கொள்ளாவிட்டால் தட்டு முன்பு எறிந்தவரிடமே திரும்பும். ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் ஒரே வட்டமாகக் கைகோத்து நின்று, இன்றைய ஆட்டம் எப்படி நடந்தது என்று பேசும் வழக்கமும் உண்டு. கலப்பு அணிகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். எடையன்சாவடிப் பெண் ஒருத்தி, அவளைவிட ஓர் அடி உயரமான ஜெர்மன்காரப் பையனிடம், அவன் பாஷையும் இல்லாமல் தன் பாஷையும் இல்லாமல் ஒரு நடுப் பாஷையில், "நீ என் கையில இடிச்ச, அது ஃபவுல்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் கேட்க வேண்டும். கால்பந்தில் அவள் அதைச் சொல்லத் தேவையே இல்லை, விசில் சொல்லிவிடும். இங்கே வாயைத் திறக்காவிட்டால் ஆட்டத்தை இழப்பாள். முதல் மாதம் பேசாமல் நிற்கிற பிள்ளைகள் ஆறாவது மாதம் வாதாடுவதைப் பயிற்சியாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெத்தாங்கில் அந்த அளவுநாடா செய்கிற வேலையை இங்கே இந்த விதி செய்கிறது: எதிராளியோடு பேசாமல் ஆட்டம் நகராது.

கடலிலும் இப்படி ஒன்று நடந்தது. தந்திராயன்குப்பம் கடற்கரையில் அலைச்சறுக்கைத் தொடங்கி வைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள், வெளிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளாக ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர்கள். பலகை அவர்களுடையது, கடல் மீனவப் பையன்களுடையது. எந்த மாதம் அலை எப்படிப் புரளும், எந்த நேரம் வாடைக் காற்று திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பதைக் கட்டுமரத்தில் போய் வந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இருவர் கையிலும் பாதிப் பாதி இருந்ததால் இரு பக்கமும் கற்றுக்கொண்டது. துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின் புதுச்சேரிக்கு வடக்கே கரை அரித்துப் போனதும் அந்தக் கடற்கரை சுருங்கியதும் எல்லோருக்கும் பொதுவான துக்கம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. மாலையில் ஒரே அணியில் தட்டு எறிந்த இருவரில் ஒருவர், மறுநாள் காலையில் மற்றவர் வீட்டுத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்பவராக இருக்கலாம். நிலத்தின் விலை ஏறியதும் விற்றவர்களின் வருத்தமும் மைதானத்தில் தீராது. ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குச் சமத்துவம் கொடுக்கிறது. அதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு மணி நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்

இன்று இந்தப் பகுதிக்கு வந்து குவிகிறவர்கள் பிரான்சிலிருந்து வருவதில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வருகிறார்கள். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைகளில், கடலூர் சிப்காட்டில், கட்டட வேலைகளில், ஓட்டல் சமையலறைகளில் அவர்கள்தான். தகரக் கொட்டகையில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை.

அந்த ஒரு நாளில் காலி மனை எங்கே இருந்தாலும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். முதலில் அவர்கள் தனியாக ஆடுவார்கள், உள்ளூர்ப் பையன்கள் தனியாக ஆடுவார்கள். இடம் ஒன்றே என்பதால் யார் முதலில் ஸ்டம்ப் நடுவது என்று சண்டை வரும். சில இடங்களில் அது அதோடு நின்றுவிடும், சில இடங்களில் கைகலப்பு வரைக்கும் போகும். வேறு சில இடங்களில், உள்ளூர் அணிக்கு ஒன்பது பேர்தான் வந்திருக்கிறார்கள் என்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். "பையா, ஆள் ஒண்ணு குறையுது, வர்றியா?" அடுத்த வாரம் அவன் ஒரு வேகப்பந்து வீச்சாளனைக் கூட்டிவருவான். அதற்கடுத்த வாரம் அவன் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதுவரை அவன் வெறும் 'பையா'தான்.

உள்ளூர்க்காரர்களும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். பல கிராமங்களில் ஊர் அணி வேறு, காலனி அணி வேறு. இரண்டும் ஒன்றாக ஆடாத இடத்தில், எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஒடியா பையன் இரண்டு பக்கமும் ஆடுகிற விந்தையைப் பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சாதி தெரியாது என்பதால் அவனை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

கடலூர் மாவட்டம் கபடி மண். ஊர்த் திருவிழா என்றால் மின்விளக்குப் போட்டு விடிய விடிய ஆடுவார்கள். வங்காளத்துத் தொழிலாளி ஒருவர் அதை நின்று பார்த்து 'ஹாடுடு' என்பார். அவர் ஊரில் அதற்கு அந்தப் பெயர். மராட்டியத்தில் 'ஹுதுது'. நாம் சடுகுடு என்போம். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு எதிரிக் கோட்டுக்குள் போய்வருவது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றே. ஆனால் கபடியில் அவருக்கு இடம் கிடைப்பதை நான் அதிகம் பார்க்கவில்லை. திருவிழாக் கபடியில் பரிசுப் பணம் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, வெளியே காத்திருக்கும் மாற்று ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே ஆள் குறைவதே இல்லை.

இங்கே பிறந்தும் இங்கத்தியர் ஆகாதவர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 1983-க்குப் பின் அலை அலையாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போது அங்கே இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

முகாம் ஆட்களோடு பந்து விளையாடினால் முதலில் மாறுவது சொற்கள். நாம் வாலிபால் என்பதை அங்கே பெரியவர்கள் கரப்பந்து என்கிறார்கள். கால்பந்தை உதைபந்து என்கிறார்கள், கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்கிறார்கள். இலங்கையின் தேசிய விளையாட்டு வாலிபால்தான் என்பதால் அந்தக் கைப்பழக்கம் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. பக்கத்துக் குப்பத்து அணிகளும் வாலிபாலில் சளைத்தவை அல்ல. மொழி ஒன்று, கடல் ஒன்று, ஆட்டம் ஒன்று என்னும்போது நட்பு வளரத் தனியாக யாரும் பாடுபட வேண்டியதில்லை.

சிக்கல் திறமை வெளியே தெரியும்போது தொடங்குகிறது. இந்தியாவில் 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் இறுகிவிட்டது. முகாமில் பெற்றோர் இருவரும் அகதிகளாக உள்ள பிள்ளைக்கு அது கிடைக்காது. இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்று 2008 இறுதியில் மத்திய அரசு கொள்கையாகவே அறிவித்தது. ஆக முகாமில் பிறந்த பெண், முத்தியால்பேட்டையில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன், ஆரோவில்லில் பிறந்து தமிழைத் தாய்மொழி போலப் பேசும் இத்தாலியப் பையன் மூவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மூவருக்கும் இந்தியச் சீருடை இல்லை. ஆனால் மற்ற இருவருக்கும் ஏதோ ஒரு நாட்டின் சீருடைக்கு ஆசைப்படவாவது வழி இருக்கிறது. முகாம் பெண்ணுக்கு அதுவும் எளிதில்லை.

பதினோரு இடம்

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். 2018-19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் ஒன்பது புதிய அணிகள் வந்தன. அதில் ஒன்று புதுச்சேரி. பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு அணியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பையன்களுக்குச் சொந்தக் கதவு திறந்த மாதிரி இருந்தது. ஆனால் புதிய அணிக்கு அனுபவம் வேண்டும். வெளிமாநிலத் தொழில்முறை வீரர்கள் மூன்று பேர் வரை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. பங்கஜ் சிங், அபிஷேக் நாயர், பாரஸ் டோக்ரா போன்ற நல்ல பெயர் எடுத்தவர்கள் வந்தார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஆனால் அந்த மூவரையும் தாண்டி, வேலை, படிப்பு, குடியிருப்பு என்ற தகுதிகளில் மற்ற மாநிலத்தவர்கள் அணியில் நிறைந்தார்கள். இங்கேயே பிறந்தவர்கள் பதினோரு பேரில் விரல்விட்டு எண்ணும்படி ஆனார்கள் என்பது அன்றிலிருந்து உள்ளூர்க்காரர்களின் மனக்குறை.

விதிப்படி சரியா தவறா என்பது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது இது: சேதராப்பட்டுக் காலி மனையில் பீகார் பையனை "வர்றியா" என்று கூப்பிட்ட அதே உள்ளூர்ப் பையன், ரஞ்சி அணித் தேர்வு என்று வந்ததும் 'வெளியூர்க்காரன்' என்று முகம் திருப்புகிறான். அவன் கெட்டவனாகிவிடவில்லை. அங்கே இடம் பதினொன்று. வரிசையில் நூறு பேர். ஒருவன் உள்ளே வந்தால் ஒருவன் வெளியே போக வேண்டும். பின்னால் போட்டிச் சம்பளமும் அரசு வேலையும் ஐபிஎல் ஏலமும் நிற்கின்றன. தேர்வு செய்பவர் ஒருவர், தீர்ப்புச் சொல்பவர் ஒருவர். இரண்டு பையன்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டிய இடமே அந்த ஏற்பாட்டில் இல்லை.

பாரிஸ் பக்கத்துத் துடுப்பாட்டம்

கதை ஒருவழிப் பாதை இல்லை. பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை பெரும்பாலும் பாரிசைச் சுற்றியுள்ள புறநகர்களுக்குப் போய்விட்டது. அங்கே அந்தப் பிள்ளைகள் 'வந்தவர்கள்'. அங்கே அவர்கள் கையில் எடுத்தது பெத்தாங்க் குண்டை அல்ல, கிரிக்கெட் மட்டையை. பிரான்சில் கிரிக்கெட் ஆடுபவர்களில் பெரும்பான்மையினர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை வழி வந்தவர்கள். கிரிக்கெட்டுக்கு என்று மைதானம் கிடைப்பது அங்கே பெரிய பாடு. கால்பந்துத் திடலின் ஓரத்தில் பாய் விரித்து ஆடுகிறார்கள். புதுச்சேரிப் பையனும் லாகூர்ப் பையனும் யாழ்ப்பாணத்துப் பையனும் ஓர் அணி. ஊரில் இருந்திருந்தால் இந்த மூவரும் டி.வி.யில்தான் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை வேடிக்கையாகப் பார்த்தாலும் அவர்களுக்கும் கிரிக்கெட்டில் ஓர் ஒலிம்பிக் பதக்கம் உண்டு. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. பிரிட்டனிடம் தோற்று பிரான்ஸ் வெள்ளி வாங்கியது. அந்த பிரெஞ்சு அணியில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் பாரிசில் தங்கியிருந்த ஆங்கிலேயர்கள். பிரான்சின் கிரிக்கெட் அன்றும் வந்தவர்கள் கையில்தான் இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது. பெத்தாங்க்காரர்கள் 2024 பாரிசுக்குக் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பேரப்பிள்ளைகள் லீவுக்குப் புதுச்சேரி வருகிறார்கள். பாரிசில் அவர்களை இந்தியன் என்பார்கள். இங்கே தெருவில் இறங்கினால் வேறு பெயர். சாயங்காலம் தாத்தாவோடு திடலுக்கு வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான் ஒருவன். மூன்று பேர் அணியில் யாரோ ஒருவருக்கு இடுப்புவலி, வரவில்லை. குண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே ஒரு பெரியவர் திரும்பிப் பார்ப்பார்.

"டேய் பிரான்சு, சும்மாதானே நிக்கிற? வாடா."